பாஸ்தாவுக்கு சீஸ் சாஸ்: திரியாமல், கட்டி தட்டாமல் வீட்டிலேயே செய்ய

போன மே மாத விடுமுறைக்கு அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் பெங்களூரிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு வந்திருந்தார்கள். வந்த மூன்றாம் நாள் பெரியவள், "சித்தி, ஒயிட் சாஸ் பாஸ்தா செஞ்சு தர்றியா?" என்று கேட்டாள். பால், வெண்ணெய், மைதா, சீஸ், நாலே சாமான்தானே என்று தொடங்கினேன். முதல் தடவை சாஸ் முழுக்க மைதா உருண்டை. இரண்டாம் தடவை சீஸ் ரப்பர் போல ஒரு பக்கம் சுருண்டு, எண்ணெய் தனியே மிதந்தது. மூன்றாம் தடவை சாஸ் பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் வாயில் வைக்க முடியாத உப்பு. நாலாம் தடவைதான் தட்டு காலியானது.

மூன்று தடவையும் வீணான பாலும் சீஸும் ஐநூறு ரூபாய்க்குக் குறையாது. பிள்ளைகளின் முகம் வாடியது அதைவிட வருத்தம். சமையல் குறிப்புகள் எல்லாமே "சீஸைச் சேர்த்துக் கிளறவும்" என்று ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. எந்த சீஸ், எவ்வளவு சூட்டில், உப்பு எப்போது என்று யாரும் சொல்வதில்லை. நீங்கள் அந்த மூன்று தடவையைத் தாண்டி நேராக நாலாம் தடவைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அளவெல்லாம் மூன்று பேர் வயிறார உண்பதற்கு.

1. எந்த சீஸ் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கடையில் சீஸ் என்று கேட்டால் நாலைந்து வகையை எடுத்து வைப்பார்கள். இங்கே தவறினால் அப்புறம் அடுப்பில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பலன் இல்லை.

முதல் தடவை செய்பவர்கள் புராசஸ்டு சீஸ் கட்டியே வாங்குங்கள். அமுல், பிரிட்டானியா போன்றவை 200 கிராம் கட்டியாக வருகின்றன. தயாரிக்கும்போதே சோடியம் சிட்ரேட் போன்ற உப்புகளைச் சேர்த்து உருக்கி வார்த்தது இது. சூடு பட்டாலும் கொழுப்பும் புரதமும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிடாமல் அந்த உப்புகள் பிடித்துக்கொள்கின்றன. அதனால் கொஞ்சம் கைதவறினாலும் எளிதில் திரியாது.

மொசரெல்லாவை பீட்சா சீஸ் என்று சொல்லிக் கொடுப்பார்கள். பீட்சாவில் நூல் நூலாக இழுபடுகிறதே, அந்தக் குணமே சாஸுக்கு ஆகாது. பாலில் கரையாமல் உருண்டையாகத் திரண்டு கரண்டியில் ஒட்டிக்கொள்ளும். ஆசையாக இருந்தால் மொத்த சீஸில் கால் பங்கு போடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

செடார் கிடைத்தால் சுவைக்கு அதுதான் முதலிடம். ஆனால் நாள்பட்ட செடார் சூடு கூடினால் எண்ணெய் கக்கும். கை பழகிய பிறகு பாதி செடார், பாதி புராசஸ்டு என்று கலந்து பாருங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

பன்னீர் வேண்டவே வேண்டாம். பன்னீரும் சீஸ்தானே என்று வாங்கி வந்தவர்களை எனக்குத் தெரியும். சூடான பாலில் புளிப்பைச் சேர்த்துத் திரித்து எடுப்பது பன்னீர். அதை எவ்வளவு நேரம் சூடாக்கினாலும் உருகாது, துகள் துகளாகத்தான் நிற்கும்.

துருவி அடைத்து விற்கும் பாக்கெட்டையும் தவிர்த்துவிடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அதில் மாவு போன்ற பொடியைத் தூவியிருப்பார்கள். சாஸ் நாக்கில் நறநறக்கும். கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள், ஐந்து நிமிடக் காரியம்.

2. அட்டையைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள்

நான் ஒருமுறை வாங்கியது சீஸே இல்லை. 'அனலாக்' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்துச் செய்வது அது. சேர்பொருள் பட்டியலில் பாமாயில் என்றோ தாவரக் கொழுப்பு என்றோ இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். விலை குறைவாக இருப்பதே முதல் அடையாளம். அதே பட்டியலில் 331 என்ற எண் இருந்தால் அது சோடியம் சிட்ரேட். நமக்கு வேண்டியது அதுதான்.

சைவ வீடுகளில் இன்னொரு கேள்வி வரும். எங்கள் ஆச்சி கேட்டது இதுதான்: "பாலை எதை ஊத்தி உறைய வச்சாங்களாம்?" சரியான கேள்வி. பாலை உறைய வைக்கும் ரென்னெட், சில வெளிநாட்டு சீஸ்களில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜானோ அப்படிப்பட்டது. இங்கே விற்கும் சீஸில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் சைவம். ஆச்சியிடம் அந்தப் புள்ளியைக் காட்டிய பிறகுதான் எங்கள் வீட்டு அடுப்பில் சீஸுக்கு இடம் கிடைத்தது.

அப்புறம் தேதி. காலாவதித் தேதி மட்டும் போதாது, கட்டியை அழுத்தியும் பாருங்கள். ஒரு கடையில் வாங்கிய கட்டி ஓரமெல்லாம் வெளுத்து உதிர்ந்தது. குளிர்பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டதில் இளகி மறுபடி இறுகியது என்று நினைக்கிறேன். பில் வாங்காததால் மாற்றித்தர மறுத்துவிட்டார்கள். அதனால் எவ்வளவு தெரிந்த அண்ணாச்சி கடையாக இருந்தாலும் பில் கேளுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கம், அது அச்சடிக்காத கவரில் எடை போட்டுத் தரும் சீஸை வாங்காதீர்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் வெண்ணெய்க்கும் சீஸுக்கும் ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

3. சாமான்கள், அளவு, செலவு

சீஸ் 100 கிராம், அதாவது 200 கிராம் கட்டியில் சரிபாதி. வெண்ணெய் 2 மேசைக்கரண்டி. மைதா 2 மேசைக்கரண்டி, தலைதட்டி எடுங்கள், குவித்து அல்ல. பால் 400 மில்லி. பாஸ்தா 200 கிராம். பொடித்த மிளகு அரைத் தேக்கரண்டி. பிடித்தால் ஒரு பல் பூண்டு.

பால் கொழுப்புள்ளதாக இருக்கட்டும். ஆவினில் ஆரஞ்சுப் பாக்கெட்டில் கொழுப்பு 6 விழுக்காடு, நீலத்தில் 3. நீலத்திலும் செய்யலாம், ஆனால் அந்த வழவழப்பு வராது. அரை லிட்டர் பாக்கெட்டில் 400 மில்லி போக மிச்சம் 100 மில்லியை எடுத்து வையுங்கள். கடைசியில் அது தேவைப்படும்.

பால்காரரிடம் வாங்கும் பால் என்றால் முன்னதாகக் காய்ச்சி ஆறவிட்டு, ஆடையை முழுதாக எடுத்துவிடுங்கள். ஆடை சாஸில் விழுந்தால் திப்பி திப்பியாக நிற்கும், மைதாக் கட்டி என்றே நினைப்பீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் காலைப் பால் மதியத்துக்குள் லேசாகப் புளிப்பேறிவிடும். மூக்கில் தெரியாது, அடுப்பில்தான் தெரியும். சந்தேகம் இருந்தால் ஒரு கரண்டிப் பாலைத் தனியே கொதிக்கவைத்துப் பாருங்கள். திரிந்தால் அந்தப் பாலில் சாஸ் செய்யாதீர்கள்.

பாஸ்தாவின் அட்டையில் டூரம் கோதுமை ரவை என்று இருக்க வேண்டும். மைதாவில் செய்தவை விலை குறைவு, ஆனால் சாஸில் போட்டதும் குழைந்து களியாகிவிடும்.

நான் கடைசியாகச் செய்தபோது ஆன செலவு: சீஸ் 65 ரூபாய், பாஸ்தா 45, பால் 30, வெண்ணெய் 18, மற்றதெல்லாம் பத்து ரூபாய். மூன்று பேருக்கு 170 ரூபாய்க்குள் முடிந்தது. ஆனால் முதல் நாள் கையிலிருந்து போவது அதைவிட அதிகம். சீஸும் வெண்ணெயும் பாஸ்தாவும் முழுப் பாக்கெட்டாகத்தான் வாங்க வேண்டும் என்பதால் 350 ரூபாய் எடுத்துப் போங்கள்.

4. வெயிலில் கொண்டு வருவது

திருநெல்வேலி, பாளையங்கோட்டையில் இருப்பவர்களுக்கு இது பிரச்சினை இல்லை. எங்களைப் போலத் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுபவர்கள் சீஸைக் கடைசியாக வாங்குங்கள். ஒரு தண்ணீர்ப் பாட்டிலை முந்தின நாளே உறைய வைத்துக் கொண்டுபோய், சீஸையும் வெண்ணெயையும் அதோடு சேர்த்துத் துணிப்பையில் சுற்றிக்கொண்டால் அம்பாசமுத்திரம், தென்காசி வரை தாங்கும்.

5. அடுப்பைப் பற்ற வைக்கும் முன்

அடி கனமான பாத்திரம் வேண்டும். இண்டாலியம் சட்டி நன்றாக ஒத்துழைக்கும். மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் பால் அடிப்பிடித்துவிட்டால் அந்தத் தீய்ந்த வாசனை சாஸ் முழுக்க ஏறிவிடும், அதை எதனாலும் மறைக்க முடியாது. கிளறுவதற்குக் கம்பி விஸ்க் பாத்திரக்கடைகளில் கிடைக்கும். இல்லாவிட்டால் கீரை மத்து போதும். வெறும் கரண்டி மட்டும் போதாது.

சீஸை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு துருவுங்கள், இளகினால் துருவியில் அப்பிக்கொள்ளும். துருவிய பிறகு வெளியே வைத்துவிடுங்கள், அறைச் சூட்டுக்கு வரட்டும். பாலை வெதுவெதுப்பாகச் சூடாக்கி அடுப்புப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கிய பிறகு எதையும் தேடப் போக முடியாது.

இன்னோர் அடுப்பில் பெரிய பாத்திரத்தில் இரண்டு லிட்டர் தண்ணீரை இப்போதே ஏற்றிவிடுங்கள். அது கொதிக்கப் பத்து நிமிடம் ஆகும், அதற்குள் சாஸின் பாதி வேலை முடிந்துவிடும். மொத்தமாக அரை மணி நேரம் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

6. வெண்ணெயில் மைதாவை வறுத்தல்: 2 நிமிடம்

சட்டியைச் சிறுதீயில் வைத்து வெண்ணெயை உருக்குங்கள். பூண்டு போடுவதானால் நசுக்கி இப்போது போட்டு, மணம் வந்ததும் எடுத்துவிடுங்கள். வெண்ணெய் உருகி நுரைத்ததும் மைதாவைக் கொட்டி விடாமல் கிளறுங்கள். ஈரமணல் போலத் திரண்டு, பச்சை மாவு வாசனை போய், லேசாக பிஸ்கட் வாசனை வரும். நிறம் மாறக்கூடாது. சிவந்துவிட்டால் சாஸ் பழுப்பாகும், கெட்டிப்படும் திறனும் குறையும்.

இந்தப் படியைத் தாண்டிவிட்டு மைதாவை நேராகப் பாலில் கரைத்தால் என்ன என்று தோன்றும். எனக்கு முதல் தடவை அப்படித்தான் தோன்றியது, உருண்டை உருண்டையாக வந்ததும் அதனால்தான். வெண்ணெயில் வறுக்கும்போது ஒவ்வொரு மாவுத் துகளின் மேலும் கொழுப்பு படிகிறது. பால் பட்டதும் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே ஊறுகின்றன. கட்டி தட்டாமல் இருப்பதற்கு வேறு ரகசியம் கிடையாது.

7. பால் ஊற்றுதல்: 8 நிமிடம்

முதலில் அரைக்கால் டம்ளர் பால் மட்டும் ஊற்றிக் கிளறுங்கள். சப்பாத்தி மாவு போலச் சட்டென்று திரண்டு இறுகும். பயப்படாதீர்கள், அப்படித்தான் வர வேண்டும். அது வழவழப்பானதும் இன்னும் அரைக்கால் டம்ளர். மறுபடி கிளறுங்கள். மூன்றாம் தடவை ஊற்றும்போது தோசைமாவுப் பதத்துக்கு இளகிவிடும். அதன் பிறகு மீதிப் பாலை மெல்லிய தாரையாக, கிளறிக்கொண்டே ஊற்றிவிடலாம். முழுப் பாலையும் ஒரே மூச்சில் கொட்டுவதுதான் பெரும்பாலோர் விழும் குழி.

இப்போது தீயை நடுத்தரமாக்கி, அடியையும் ஓரங்களையும் வழித்துக் கிளறிக்கொண்டே இருங்கள். ஐந்து நிமிடத்தில் முதல் கொப்புளங்கள் எழும். மாவு முழுதாகக் கெட்டிப்பட பால் ஒருமுறை கொதியைத் தொட்டே ஆக வேண்டும், அதனால் அதற்கு முன் "இன்னும் தண்ணியா இருக்கே" என்று மைதாவைக் கூட்டிவிடாதீர்கள். கொப்புளம் வந்ததும் தீயைக் குறைத்து மூன்று நிமிடம் விடுங்கள்.

பதம் பார்க்க, கரண்டியைத் தோய்த்து எடுத்து அதன் முதுகில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் போதும். சீஸ் சேர்ந்ததும் இன்னும் கெட்டியாகும் என்பதால் இப்போது சற்று இளகலாக இருப்பதே நல்லது. அடுப்பை அணைத்து மூடிவையுங்கள். சீஸ் சேராத இந்த வெள்ளை சாஸ் அரை மணி நேரம்கூடக் காத்திருக்கும். பாஸ்தா காத்திருக்காது. அதனால்தான் சாஸை முதலில் செய்யச் சொல்கிறேன்.

8. பாஸ்தா: 10 நிமிடம்

கொதிக்கும் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு, பாஸ்தாவைக் கொட்டிக் கிளறுங்கள். எண்ணெய் ஊற்ற வேண்டாம், ஊற்றினால் சாஸ் ஒட்டாமல் வழுக்கிவிடும். அட்டையில் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே இறக்குங்கள். வடிக்கும் முன் ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் சோறு வடித்த கஞ்சியைக் கொட்டமாட்டோமே, அது போலத்தான். வடித்த பாஸ்தாவைப் பச்சைத் தண்ணீரில் அலசாதீர்கள்.

9. அடுப்பை அணைத்துவிட்டு சீஸ்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: சீஸ் சேர்ந்த பிறகு சாஸ் கொதிக்கக் கூடாது.

நம் ஊரில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. காய் வேகும்போது தண்ணிப் பால் கொதிக்கலாம். கடைசியில் கெட்டியான முதல் பாலை ஊற்றிவிட்டால், நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். சீஸும் அப்படித்தான். சூடு மிஞ்சினால் அதன் புரதம் இறுகிச் சுருங்கி, உள்ளே பிடித்து வைத்திருந்த கொழுப்பை வெளியே தள்ளிவிடுகிறது. நான் இரண்டாம் தடவை பார்த்த ரப்பரும் எண்ணெயும் அதுதான். ஆச்சி சொதியை இறக்குவதை எத்தனையோ முறை பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். இரண்டும் ஒரே விஷயம் என்று புரிந்த நாளிலிருந்து என் சாஸ் ஒருமுறைகூடத் திரியவில்லை.

பாஸ்தா வடிவதற்குள் வெள்ளை சாஸை மறுபடி சூடாக்குங்கள். ஆவி நன்றாக வந்ததும் அடுப்பை அணையுங்கள். கொப்புளம் எல்லாம் அடங்கும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். சீஸை மூன்று பங்காகப் பிரித்து, ஒரு பங்கு போட்டுக் கிளறி, அது மறைந்த பிறகே அடுத்த பங்கைப் போடுங்கள். பாத்திரத்தின் சூடே போதும். கடைசிப் பங்கு உருகவில்லை என்றால் மிகச் சிறிய தீயில் அரை நிமிடம் காட்டி உடனே எடுத்துவிடுங்கள்.

எலுமிச்சைச்சாறு, தக்காளி போன்ற புளிப்பு எதையும் இதில் விடாதீர்கள்.

10. உப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே உப்பு

புராசஸ்டு சீஸில் உப்பு இருக்கிறது. கடை வெண்ணெயிலும் பெரும்பாலும் உப்பு இருக்கிறது. பாஸ்தா வெந்த தண்ணீரிலும் போட்டிருக்கிறோம். பழக்கத்தில் கை தானாக உப்பு ஜாடிக்குப் போகும், தடுத்துக்கொள்ளுங்கள். சீஸ் முழுதாகக் கரைந்த பிறகு நாக்கில் வைத்துப் பாருங்கள். பத்தில் ஒன்பது தடவை உப்புத் தேவைப்படாது.

மிளகுப்பொடி இப்போது சேருங்கள். ஜாதிக்காய் இருந்தால் இரண்டு உரசல், அதற்கு மேல் கசக்கும். குற்றாலம் போனால் கடைகளில் கிடைக்கும், ஒரு காய் வாங்கினால் ஒரு வருடத்துக்கு வரும். காரம் வேண்டுமென்பவர்களுக்கு மிளகாய் வத்தலைக் கொரகொரப்பாக இடித்துத் தட்டில் மேலே தூவிக் கொடுங்கள். சாஸிலேயே கலந்தால் நிறமும் போகும், சின்னப் பிள்ளைகளும் சாப்பிட மாட்டார்கள்.

11. கலந்து பரிமாறுதல்

சூடான பாஸ்தாவை சாஸில் போட்டுப் புரட்டுங்கள். கெட்டியாகத் தெரிந்தால் எடுத்து வைத்த கஞ்சித் தண்ணீரை ஒவ்வொரு கரண்டியாகச் சேருங்கள். தட்டுக்குப் போகும்போது கொஞ்சம் இளகலாகவே இருக்கட்டும், ஆற ஆற இறுகும். வேகவைத்த காரட், பீன்ஸ், சோளம் சேர்ப்பதானால் ஈரத்தை நன்றாக வடித்துவிட்டுப் போடுங்கள். எல்லாரும் உட்கார்ந்த பிறகு கலப்பது நல்லது.

12. கெட்டுவிட்டது போலத் தெரிந்தால்

கட்டி தட்டியிருந்தால், சீஸ் போடும் முன் என்றால் மாவுச் சலடையிலோ பெரிய வடிகட்டியிலோ ஊற்றிக் கரண்டியால் அழுத்தித் தேய்த்து எடுங்கள். மிக்ஸியில் அடிப்பதானால் நன்றாக ஆறவிடுங்கள். சூடாக ஊற்றி ஓட்டினால் ஆவி மூடியைத் தள்ளிக் கையில் தெறிக்கும்.

சீஸ் போட்ட பிறகு சாஸ் தண்ணீராகத் தெரிந்தால் மைதா தூவாதீர்கள். ஒரு தேக்கரண்டி சோளமாவை ஆறிய பாலில் கரைத்து ஊற்றி, சிறுதீயில் கிளறுங்கள், கெட்டிப்படத் தொடங்கியதும் அணைத்துவிடுங்கள்.

எண்ணெய் பிரியத் தொடங்கினால் உடனே சட்டியை இறக்கி, எடுத்து வைத்த குளிர்ந்த பாலில் இரண்டு கரண்டி விட்டு வேகமாக அடியுங்கள். ஆரம்பத்திலேயே கவனித்தால் சேர்ந்துவிடும். ரப்பராகச் சுருண்டு உருண்டை கட்டிய பிறகு மீட்க வழி இல்லை, வடித்துவிட்டு மறுபடி செய்வதுதான்.

உப்பு கூடிவிட்டால் உப்பில்லாமல் இன்னும் 100 கிராம் பாஸ்தா வேகவைத்துக் கலந்து, பாலும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

13. மிச்சமும் மீதிச் சீஸும்

கலந்த பாஸ்தாவை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளைக்குள் முடித்துவிடுங்கள். சூடாக்கும்போது கால் டம்ளர் பால் சேர்த்து, சிறுதீயில், கொதிக்கவிடாமல். சாஸ் மட்டும் தனியாக இருந்தால் இரண்டு நாள் தாங்கும். விருந்தாளி வருகிறார்கள் என்றால் சீஸ் சேராத வெள்ளை சாஸைக் காலையிலேயே செய்து, ஆறியதும் ஆடை படியாமலிருக்க மேலே ஒரு தேக்கரண்டி உருக்கிய வெண்ணெயை விட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். மாலையில் ஐந்து நிமிட வேலைதான்.

மீதி 100 கிராம் சீஸை அன்றைக்கே துருவி, ஒரு வேளைக்கு ஒன்றாகச் சின்ன டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உறைந்த சீஸ் வெட்டினால் உதிரும், ரொட்டியில் வைக்க நன்றாக இராது, சாஸுக்குக் குறையே இல்லை. டப்பா மேல் தேதி எழுதி ஒட்டுங்கள். நீண்ட நேரம் கரண்ட் போய் உள்ளே இளகியிருந்தால் மறுபடி உறைய விடாமல் அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.